பௌதிகமா, இன்ஜினியரிங்கா? கல்லாவில் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு



இந்தப் பத்திரிகையில் வழக்கமாக வரி, எடை முத்திரை, பருப்பு வரத்து, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று எழுதுகிறோம், படிக்கிறோம். இந்த முறை நம் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதலாம் என்று எண்ணுகிறேன். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன் கல்லூரிப் படிப்பைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், நம்மில் பாதிப் பேர் சரக்கு விலை கேட்பதற்கு முன் "எந்தக் காலேஜ், எந்த குரூப்?" என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு நான் ஒரு முறை தவறான பதில் சொல்லி நஷ்டப்பட்டவன். ஆகவே எழுதுகிறேன்.

சென்ற மே மாதம் பிள்ளையார்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் மண்டிக்கு வந்தார். பதினைந்து வருடமாக என்னிடம் கொள்முதல் செய்பவர். சொன்ன தேதிக்குப் பணம் கொண்டுவந்து வைப்பவர். அன்றைக்கு மூட்டை எதுவும் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இந்த மாசப் பாக்கியை ஒரு நாலு மாசம் தள்ளி வெச்சுக்கணும்" என்றார்.

"என்னப்பா விஷயம்?" என்றேன்.

"பொண்ணு பாஸ் பண்ணிட்டா. மேனேஜ்மென்ட் சீட்டு ஒண்ணு ஏற்பாடு பண்றேன்னு ஒரு புரோக்கர் சொல்றாரு. ரெண்டே நாள் டைம் கொடுத்திருக்காரு. கடைப் பத்திரத்தை வெச்சு மூணு லட்சம் பேசியிருக்கேன். ரெண்டு ரூபா வட்டி."

"பொண்ணு இன்ஜினியரிங்தான் கேக்குதா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "அது பிஸிக்ஸ் படிக்கணும்னு சொல்லுது ஐயா. பிஸிக்ஸ் படிச்சுட்டு என்ன பண்றது? டீச்சர் வேலைக்கு லட்சம் பேர் நிக்கிறாங்க" என்றார்.

முதலில் வட்டிக் கணக்கு

நான் சிட்டையை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். நாலு வருடம், 48 மாதம். வட்டி மட்டும் 2,88,000. அசல் அப்படியே நிற்கும். அதாவது பெண் பட்டம் வாங்கும் நாளில் இவர் கையைவிட்டுப் போனது கிட்டத்தட்ட ஆறு லட்சம். இதுவும் முதல் தவணைக்கும் டொனேஷனுக்கும் வாங்கிய கடனுக்குத்தான். ஆண்டுக் கட்டணம் தனி, பஸ் தனி, புத்தகம் தனி.

டொனேஷன் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்து நம் மாநிலத்தில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாமல் சரக்கு எடுத்தால் நமக்கு என்ன கதியோ, ரசீது இல்லாமல் சீட் வாங்கியவருக்கும் அதே கதிதான். நாளைக்கு ஒரு வில்லங்கம் வந்தால் கேட்க நாதி இல்லை.

"மார்க் எவ்வளவு?" என்று கேட்டேன். கணக்கில் 88, இயற்பியலில் 97, வேதியியலில் 90. இன்ஜினியரிங் கட்-ஆஃப் போடும் முறை நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. கணக்கு மார்க் நூற்றுக்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. மொத்தம் 200. இந்தப் பெண்ணுக்கு 88, 48.5, 45. கூட்டினால் 181.5. நுழைவுத் தேர்வு 2007இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. இந்த மார்க்தான் எல்லாம்.

181.5 என்பது கவுன்சிலிங்கில் அரசு ஒதுக்கீட்டிலேயே ஒரு சுமாரான கல்லூரியில் இடம் வாங்கித் தரக்கூடிய எண். விரும்பிய பிரிவு கிடைக்குமா என்பதுதான் கேள்வி, இடம் கிடைக்குமா என்பதல்ல. அந்தப் புரோக்கர் இதைச் சொல்லவில்லை. அவர் வியாபாரம் அப்படி. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் சரக்கை, "நாளைக்குக் கிடைக்காது" என்று சொல்லி விற்கிறவரை நாம் பார்த்ததில்லையா?

தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு நம் மாநிலத்தில் கதவு திறந்தது 1984இல். இன்றைக்கு நானூறுக்கும் மேலே இருக்கின்றன. ஆண்டுதோறும் கவுன்சிலிங் முடிந்த பின்னும் பல கல்லூரிகளில் இடம் காலியாகக் கிடக்கிறது. வரத்து அதிகமான சரக்குக்கு அவசரப்பட்டு முன்பணம் கட்டுகிறவன் வியாபாரியா?

இன்னொன்று. அந்த வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை. 2010-11 முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தால் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புரோக்கரிடம் போவதற்கு முன் நம் உறுப்பினர்கள் இந்த இரண்டையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

"பாக்கி இருக்கட்டும், தள்ளி வெச்சுக்கலாம். ஆனா பத்திரத்தை யார்கிட்டயும் கொடுக்காதே. ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கு வர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் செய்த தவறு

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் என் மகன் பிளஸ் டூ முடித்தான். அவன் பி.காம். கேட்டான். சின்ன வயதிலிருந்தே பேரேடு பார்ப்பதில் அவனுக்கு ஆசை. நான்தான், "மண்டிக்காரன் மகன் என்றே கடைசிவரை இருக்கப் போகிறாயா? பெயருக்குப் பின்னால் பி.இ. வரட்டும்" என்று பிடிவாதமாக மெக்கானிக்கலில் சேர்த்தேன். ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த ஒரு மனையை அதற்காக விற்றேன். கல்லூரியை நான் குறை சொல்லவில்லை. குறை என்னுடையது. அவனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 2010இல் முடிக்க வேண்டியவன் ஒன்பது அரியர் வைத்து 2012இல்தான் முடித்தான். பிறகு ஒரு வருடம் வெளியே வேலை பார்த்துவிட்டு மண்டிக்கே வந்துவிட்டான். இன்று ஜி.எஸ்.டி. கணக்கு முழுவதும் அவன்தான் பார்க்கிறான், நன்றாகவே பார்க்கிறான்.

ஒரு நாள் இரவு கடை சாத்தும்போது, "அப்பா, அந்த மனையும் போச்சு, என் ஆறு வருஷமும் போச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்கவே இல்லை.

தராசு சொல்லும் பாடம்

பௌதிகத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் காலத்தில் பௌதிகம். இப்போது பாடப் புத்தகத்தில் இயற்பியல். இதற்கு விளக்கம் தேடி எங்கும் போக வேண்டாம். உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசைப் பாருங்கள்.

அதன் தட்டுக்கு அடியில் ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. லோடு செல் என்பார்கள். அதன்மேல் மெல்லிய உலோக இழைகள் ஒட்டப்பட்டிருக்கும். தட்டில் ஒரு கிலோ துவரம்பருப்பை வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதோடு அந்த இழையும் இழுபடுகிறது. இழுபட்ட உலோக இழையில் மின்சாரம் பாய்வதற்குத் தடை கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்துதான் தராசு எடையைக் காட்டுகிறது.

கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று 1856இல் கண்டு சொன்னவர் கெல்வின் பிரபு. அவர் எந்தத் தராசையும் நினைத்துச் சொல்லவில்லை. இயற்கை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான். இது பௌதிகம். அந்த உண்மையை வைத்து, ஒட்டக்கூடிய சின்ன அளவியாகச் செய்து பயன்படுத்தியவர்கள் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூகே என்ற இருவர். ஒருவருக்கொருவர் தெரியாமல் 1938 வாக்கில் தனித்தனியே செய்தார்கள். இது இன்ஜினியரிங். நடுவில் 82 வருடம். அத்தனை காலமும் அந்தச் சரக்கு கிடங்கில் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு இல்லாமல் கடை இல்லை. கடை இல்லாமல் சரக்குக்கு விலை இல்லை. இதில் எது உசத்தி, எது தாழ்த்தி?

ஆகவே "எது நல்ல படிப்பு?" என்ற கேள்வியே தவறு. இந்தப் பிள்ளை எந்த மாதிரிப் பிள்ளை என்பதுதான் கேள்வி. ஒரு பொருளைப் பார்த்ததும் "இது ஏன் இப்படி?" என்று கேட்கும் பிள்ளை ஒரு வகை. "இதை நான் செய்தால் எப்படிச் செய்வேன்? இன்னும் மலிவாகச் செய்ய முடியுமா?" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் பிள்ளை இன்னொரு வகை. இரண்டும் இல்லாமல் பேரேட்டைப் பார்த்து மகிழும் பிள்ளை மூன்றாவது வகை. அது என் மகன். மூன்று வகைக்கும் உலகத்தில் சோறு இருக்கிறது.

மளிகைக் கடையில் நின்ற விஞ்ஞானி

இந்தத் தடுமாற்றம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. நம் ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் அவர்களுக்கும் வந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் அவர் படித்தது பி.எஸ்சி. பௌதிகம். 1954இல் முடித்தார். முடிக்கும் தறுவாயில்தான், தன் மனம் கேட்பது பௌதிகம் அல்ல, இன்ஜினியரிங் என்று அவருக்குப் புரிந்தது. இன்டர்மீடியட் முடித்ததுமே அதற்குப் போயிருக்கலாமே என்று வருந்தியதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அவருடைய அக்கா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த நகையை மீட்டுக் கொடுப்பேன் என்று கலாம் உறுதி எடுத்துக்கொண்டார்.

நம் உறுப்பினர்களுக்குப் பிடித்த ஒரு செய்தியும் இதில் உண்டு. கலாமின் அண்ணன் ராமேஸ்வரத்தில் ஸ்டேஷன் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். விடுமுறைக்குத் தம்பி வந்தால் கடையில் உட்கார வைத்துவிட்டு மணிக்கணக்கில் வெளியே போய்விடுவாராம். எண்ணெய், வெங்காயம், அரிசி என்று எல்லாவற்றையும் அளந்து கொடுத்த அந்தக் கைதான் 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை விண்ணுக்கு அனுப்பிய குழுவை வழிநடத்தியது.

இன்னொருவர் 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன். நாகர்கோவில் பக்கத்து விவசாயி மகன். அவருக்கு ஆசை இன்ஜினியரிங். வீட்டில் வசதி இல்லை. நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தார். பிறகு அதே எம்.ஐ.டி.க்குப் போய் 1980இல் விமானப் பொறியியல் முடித்தார்.

இரண்டு பேரும் முதல் வாசலில் தவறாக நுழைந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது வீணாயிற்றா? இல்லை. அன்றைக்கு எம்.ஐ.டி. பி.எஸ்சி. படித்தவர்களைத்தான் எடுத்தது. 1949இல் சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் வீட்டை விற்று அந்தப் பணத்தைக் கொண்டு தொடங்கிய நிறுவனம் அது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். பிளஸ் டூ முடித்தவர்கள் நேரே சேர்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய வழி முழுக்க மூடிவிடவில்லை. பிளஸ் டூவில் கணக்கு எடுத்து பி.எஸ்சி. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர லேட்டரல் என்ட்ரி இருக்கிறது. அந்தந்த ஆண்டு விதிமுறையைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. சர் சி.வி. ராமன் 1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகத்தில் எம்.ஏ. முடித்தபோது அந்தப் படிப்புக்கு இங்கே வேலை இல்லை. நிதித்துறைப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் போனார். பத்து வருடம் பகலில் சர்க்கார் கணக்கு. காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி. 1917இல், சம்பளம் குறையும் என்று தெரிந்தே வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்டதுதான் ராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு. கணக்கு எழுதியே வாழ்ந்திருக்கலாம்; மனம் விடவில்லை.

வெள்ளைக்காரர்களிலும் ஒருவரைச் சொல்கிறேன். டிராக் என்பவர் இங்கிலாந்தில் 1921இல் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போருக்குப் பிந்திய மந்தத்தில் இன்ஜினியருக்கு வேலை கிடைக்கவில்லை. கணக்குப் படிக்கப் போனார், அங்கிருந்து பௌதிகம். 1933இல் நோபல் பரிசு.

இவர்கள் எல்லாரும் மேதைகள், நம் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். நோபல் பரிசுக்காக நான் இதைச் சொல்லவில்லை. பதினேழு வயதில் எடுத்த முடிவு கடைசி முடிவு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். கடன் இல்லாமல் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளலாம். கடைப் பத்திரத்தை அடகு வைத்து எடுத்த முடிவை மாற்ற முடியாது. எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் இதுதான்.

எந்தப் படிப்புக்கு எந்த வாசல்?

இனி சோற்றுக் கணக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன்.

பி.எஸ்சி. இயற்பியலோடு நின்றுவிட்டால் சம்பளம் குறைவுதான். அது அரைகுறையாய் நெய்த சேலை மாதிரி. தறியிலிருந்து இறக்கினால் விலை போகாது. அதற்கு மேல் இரண்டு வருடமாவது படிக்க வேண்டும். பி.எட். முடித்தால் ஆசிரியர், போட்டி அதிகம். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர ஜாம் என்ற பரீட்சை இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. படித்த பிள்ளையும் அதை எழுதலாம். பிளஸ் டூவில் தவறவிட்ட ஐ.ஐ.டி. வாசலுக்கு அது இரண்டாவது சாவி. எம்.எஸ்சி.க்குப் பின் நெட் பரீட்சையில் தேறினால் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். கணக்கு நன்றாக வந்தால் எம்.சி.ஏ. படித்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போகலாம். சாஃப்ட்வேர் கம்பெனிகளிலும் பி.எஸ்சி. படித்தவர்களை எடுத்து, வேலையோடு மேற்படிப்பும் படிக்க வைப்பவை உண்டு. வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்கும் பட்டம் இருந்தால் போதும்; அது பி.இ.யா, பி.எஸ்சி.யா என்று பொதுவாகக் கேட்பதில்லை. கல்பாக்கம் அணுசக்தி நிலையத்தின் பயிற்சிப் பள்ளியில் இன்ஜினியர்களையும் எடுக்கிறார்கள், எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள்.

நம் ஊரிலேயே கண்ணெதிரே ஒரு வேலை இருக்கிறது; யாரும் கவனிப்பதில்லை. காரப்பேட்டையில் 1969 முதல் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அது போன்ற மருத்துவமனையில் நோயாளிக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் டாக்டர். அந்தக் கதிரை எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம், நல்ல சதையில் படாமல் எப்படிக் கொடுப்பது என்று கணக்குப் போடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அவர் இல்லாமல் அந்த இயந்திரத்தை இயக்கக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படித்து, மருத்துவமனையில் பயிற்சியும் முடித்தால் அந்த வேலைக்குத் தகுதி. கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைகள் பெருகி வருகின்றன, ஆட்கள் வேண்டும்.

இன்ஜினியரிங்கின் பலம், நாலு வருடத்தில் வேலை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவது. பெரிய கம்பெனிகள் கேம்பஸுக்கு வருவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் 1998 முதல் கார் ஓட்டிவிடும் ஹூண்டாய் தொடங்கி எத்தனையோ ஆலைகள். ஆனால் இன்றைக்கு எந்தப் பிரிவுக்குக் கிராக்கி என்று பார்த்து நாலு வருடம் கழித்து வரும் சந்தைக்குச் சரக்கு பிடிக்கக் கூடாது. நோக்கியா ஆலை 2006இல் வந்தபோது நம் பக்கத்தில் எத்தனை பேர் அதை நம்பினார்கள்? 2014 நவம்பரில் மூடியாகிவிட்டது. கற்றுக்கொண்டது நிற்கும், கம்பெனி நிற்கும் என்று சொல்ல முடியாது. மேலும் இன்ஜினியரிங்கில் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நல்ல கல்லூரியில் நல்ல பிரிவு கிடைத்து, பிள்ளைக்கும் ஆசை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கடைசி வரிசைக் கல்லூரியில், பிடிக்காத பிரிவில், கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

கட்டணத்தையும் பாருங்கள். சுயநிதிக் கல்லூரிக்கு 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது, ஆண்டுக்கு அரசு ஒதுக்கீட்டில் 50,000 முதல் 55,000 வரை; மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் 85,000 முதல் 87,000 வரை. அந்தக் கணக்கிலேயே நாலு வருடத்துக்கு மேனேஜ்மென்ட் சீட் மூன்றரை லட்சத்தை நெருங்குகிறது. அரசுக் கலைக் கல்லூரியிலும், உதவி பெறும் கல்லூரியின் உதவி பெறும் பிரிவிலும் பி.எஸ்சி. சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாத கல்விக் கடன் உண்டு. இரண்டு ரூபாய் வட்டி எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை

சொன்னபடி நண்பர் வீட்டுக்குப் போனேன். பெண் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றது. "ஏம்மா பிஸிக்ஸ்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணின் தாய்மாமன் தறிக்காரர். பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் ஜரிகை சோதிக்கிற மெஷினை ஒரு முறை மாமாவோடு போய்ப் பார்த்ததாம். நம் காலத்தில் ஜரிகையை எரித்து வெள்ளியை நிறுத்துப் பார்ப்பார்கள். தங்கத்தை உரைகல்லில் உரசுவார்கள். இப்போது ஜரிகையை மெஷினுக்குள் வைத்தால், உரசாமல் எரிக்காமல் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது.

"அது எப்படித் தாத்தா தொடாமலேயே சொல்லுதுன்னு அங்க இருந்தவங்களைக் கேட்டேன். பட்டனை அழுத்தினா வரும்னாங்க. அப்புறம் எங்க மிஸ்ஸைக் கேட்டேன். எக்ஸ்ரே பட்டா ஒவ்வொரு உலோகமும் தனக்குன்னு ஒரு எக்ஸ்ரேயைத் திருப்பி வெளியே விடுமாம். தங்கத்துக்கு ஒண்ணு, வெள்ளிக்கு ஒண்ணு. கைரேகை மாதிரி. ஏன் அப்படி விடுதுன்னு மிஸ் சொன்னது பாதிதான் புரிஞ்சுது. மீதி காலேஜ்ல வரும்னாங்க" என்றது.

நான் நண்பரைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு மூன்று லட்சம் கொடுத்து மெக்கானிக்கலில் பதில் வாங்கப் போகிறாயா என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவருக்கே புரிந்தது. ஆனாலும் தகப்பன் மனசு. "அஞ்சு வருஷம், ஆறு வருஷம் படிச்சுட்டிருந்தா கல்யாணம் எப்பய்யா?" என்றார். உள்ளே இருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "கடனைக் கட்டிக்கிட்டு இருந்தா மட்டும் எப்ப?"

அன்றே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் விண்ணப்பிப்பது, பி.எஸ்சி.க்கும் விண்ணப்பிப்பது. அரசு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் பெண்ணுக்குச் சம்மதமான பிரிவு வந்தால் யோசிப்பது. இல்லையென்றால் இயற்பியல். மேனேஜ்மென்ட் சீட் பேச்சே கிடையாது. பி.எஸ்சி. சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு மார்க்கைப் பார்த்து, எம்.எஸ்சி.யா, மருத்துவ இயற்பியலா, பி.எட்.டா என்று முடிவு செய்வது. பெண்ணும் ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டது. அரியர் என்று ஒன்று வந்தால் அன்றே அப்பாவிடம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. என் வீட்டில் நடந்ததை வைத்து நான் கேட்டு வாங்கிய நிபந்தனை அது.

கவுன்சிலிங்கில் வந்த இடம் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்துவிட்டது. அன்று கட்டிய பணம் ஒரு மூட்டை உளுத்தம்பருப்பு விலைக்குள் அடங்கிவிட்டது என்று சிரித்தார் நண்பர். பாக்கியை நாலு மாதம் தள்ளச் சொன்னவர், அடுத்த மாதமே கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பெண் நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது தவறாகவும் போகலாம். ஆனால் கடைப் பத்திரம் பெட்டியில் இருக்கிறது. பெண் மனசுக்குப் பிடித்ததைப் படிக்கிறது. தவறினால் திருத்திக்கொள்ள இரண்டுமே கையில் இருக்கின்றன.

சென்னையில் 1842இல் பச்சையப்பன் பெயரில் பள்ளி தோன்றியது பச்சையப்ப முதலியார் என்ற வணிகர் எழுதி வைத்த உயிலால்தான். 1794இல் காலமான அவர் பெயரால் நம் காஞ்சிபுரத்திலும் பள்ளியும் கல்லூரியும் நடக்கின்றன. ஊரார் பிள்ளைகள் படிக்கப் பணம் வைத்துப் போன வணிகர் பரம்பரை நாம். நம் பிள்ளையின் படிப்புக்குப் பணம் போடும்போது மட்டும் கணக்கை மறந்துவிடலாமா? இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளைகள் உள்ள உறுப்பினர்கள், ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். புரோக்கர் சொல்வதைக் கேட்பதற்கு முன், பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.